பம்பாயில் நின்றுகொண்டே சாப்பிட்டது

வியாழன், சயான்

செம்பூரில் மச்சினி மகனுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமைதான் முகூர்த்தம். ஆனாலும் முன்கூட்டியே கிளம்பி வந்துவிட்டோம். "கல்யாணத்துக்குப் போறீங்களா, வடா பாவ் திங்கப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். ரெண்டுக்கும்தான் என்றேன். பாவ் என்கிற பன் மாதிரி ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வடையை வைத்துத் தருவதுதான் வடா பாவ்.

1990-களின் தொடக்கத்தில் ஃபோர்ட் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. அப்போது இது பம்பாய். மும்பை என்று பெயர் மாறியது 1995-இல். தங்கியிருந்தது சயான் கோலிவாடாவில். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பையன்கள் சேர்ந்து எடுத்த அறை. ரூம் ஓனர் போட்ட முதல் கண்டிஷன், ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது. காலை டீயிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை எல்லாம் வெளியேதான்.

இந்த ஊரில் அப்படிப் பிழைத்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பம்பாயின் தெருச் சாப்பாடு முழுக்க அந்த ஆட்களுக்காகவே உண்டானது என்பது என் கட்சி. அடுப்பில்லாதவன், உட்கார நேரமில்லாதவன், சட்டைப் பையில் சில்லறை மட்டும் வைத்திருப்பவன். அவனுக்கு ஒரு கையில் பிடித்துத் தின்கிற மாதிரி ஏதாவது வேண்டும். இன்னொரு கை லோக்கல் ரயிலின் கம்பிக்கு.

சாயங்காலம் லாட்ஜ் பக்கத்திலேயே ஒரு சாண்ட்விச் வண்டி கண்ணில் பட்டது. சரி, இங்கிருந்தே ஆரம்பிப்போம் என்று நின்றுவிட்டேன். பம்பாய் சாண்ட்விச் போடுவதைப் பார்ப்பதற்கே ஒரு ரூபாய் தனியாகக் கொடுக்கலாம். பாலாடை நிறத்து பிரெட் துண்டுகளில் அமுல் வெண்ணெயை ஓரம் வரை இழுத்துவிட்டு, அதன் மேல் பச்சைச் சட்னி. பிறகு வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பீட்ரூட், எல்லாம் கையிலேயே வைத்து வில்லை வில்லையாகச் சீவுகிறார். கட்டை கிடையாது, கத்தி நேராகக் கட்டைவிரலை நோக்கி வருகிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு சிட்டிகை மசாலா. அப்புறம் நீளக் கைப்பிடி வைத்த இடுக்கியில் மூடி, கரி அடுப்பின் மேல் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வாட்டல். ஆறு துண்டாக வெட்டி, மேலே ஓமப்பொடி தூவி நீட்டினார். பீட்ரூட் சாறு பிரெட்டின் ஓரத்தில் கசிந்திருந்தது. என் மனைவிக்கு பீட்ரூட் ஆகாது. ஒரு துண்டுகூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

வெள்ளி, ஃபோர்ட்

காலையில் தோபி தலாவில் கயானி. 1904-இல் தொடங்கிய இரானி கடை, மெட்ரோ தியேட்டருக்கு எதிரே. கண்ணாடி ஜாடிகளில் பிஸ்கட், கட்டம் போட்ட மேஜை விரிப்பு, முதுகு வளைந்த மர நாற்காலி, எல்லாம் அப்படியே இருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்கடுத்தும் ஈரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து வந்த ஜொராஷ்டிரியர்கள் தொடங்கிய கடைகள் இவை. பெரும்பாலும் தெருமுனைகளில்தான் இருக்கும். முனைக் கடை ராசியில்லை என்று இந்து வியாபாரிகள் ஒதுக்கியதை இவர்கள் வாடகைக்குப் பிடித்தார்கள் என்று பம்பாயில் சொல்வார்கள். நூற்றுக்கணக்கில் இருந்த இரானி கடைகளில் இப்போது சொற்பமே மிச்சம்.

எல்லாமே நின்றுகொண்டு சாப்பிடுகிற ஊரில் எங்களை உட்கார விட்டது இரானி மட்டும்தான். ஒரு பன் மஸ்கா, அதாவது வெண்ணெய் தடவிய பன், ஒரு சாயா. அவ்வளவுதான் ஆர்டர். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் கல்லாவில் இருக்கும் பெரியவர் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். வீட்டுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதியது பாதி அங்கேதான். "இங்கே எல்லாம் சௌகரியம், ரூமில் சமைத்துத்தான் சாப்பிடுகிறோம்" என்று எழுதிவிட்டு, மஸ்கா ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு ஒட்டுவேன்.

"பானி கம் சாய்" என்று கேட்டால் தண்ணீர் குறைத்து, பால் தூக்கலாகக் கெட்டியாக வரும். அதில் ப்ரூன் மஸ்காவை முக்க வேண்டும். ப்ரூன் என்பது மேலே ஓடு மாதிரி முறுகலாக இருக்கும் ரொட்டி. சாயாவில் முக்காமல் கடித்தால் அண்ணத்தைக் கிழித்துவிடும். நான் கொத்துக்கறியோடு பாவ் தருகிற கீமா பாவ் சொன்னேன். மனைவி சுத்த சைவம். இரானி கடைக்குள் காலெடுத்து வைத்ததே எனக்காகத்தான். பன் மஸ்காவை மட்டும் சாப்பிட்டாள். வெண்ணெய் கொஞ்சம் அதிகம் என்றாள். அதிகமாக இருப்பதற்குத்தான் அதன் பெயர் மஸ்கா.

மத்தியானம் பல்லார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா. 1923-இலிருந்து இருக்கிறது. என் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் அன்றைய சம்பளத்துக்கு வாசலைத் தாண்டிப் போவதோடு சரி. பெர்ரி புலாவ்தான் அங்கே விசேஷம். ஈரானிலிருந்து வரும் புளிப்பான சின்னச் சிவப்புப் பழத்தைச் சோற்றின் மேல் தூவித் தருகிறார்கள். ஒரு பருக்கையோடு ஒரு பழமும் பல்லில் படும்போது புளிப்பு சுரீர் என்கிறது. காய்கறி போட்டதும் உண்டு, மனைவிக்கு அது. கடை முதலாளி போமன் கோஹினூர் மேஜை மேஜையாக வந்து, என்ன சாப்பிடலாம் என்று சொல்லிப் பேசிக்கொண்டிருப்பாராம். 2019-இல், 97 வயதில் காலமானார். ஒருமுறை அவரிடம் பேசியிருக்கலாம்.

இருட்டிய பிறகு வி.டி. ஸ்டேஷன் எதிரே, மாநகராட்சிக் கட்டிடத்தை ஒட்டி, கேனன் பாவ் பாஜி. அந்த ஸ்டேஷனுக்கு இப்போது சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்று பெயர். என் வாய்க்கு வி.டி.தான் வருகிறது. பெரிய தவாவின் நடுவில் உருளைக்கிழங்கும் தக்காளியும் குடமிளகாயும் குமிந்து கிடக்க, மசிப்பானால் டங் டங் என்று தட்டுகிறார்கள். ஓரத்தில் வெண்ணெயை உருக விட்டு, அதில் இரண்டாகப் பிளந்த பாவைக் கவிழ்த்துப் போட்டு எடுக்கிறார்கள். துணி மில்களில் ராத்திரி ஷிஃப்ட் ஆட்களுக்காக, மிச்ச காய்கறிகளை ஒன்றாக மசித்துப் போட்டதில் இது பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, சாப்பிட்டால் நம்பத் தோன்றும். எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டு, கடைசி பாவால் தட்டை வழித்தேன்.

பாவைப் பற்றி ஒரு வார்த்தை. வடா, பாஜி, கீமா, மிசல், ஆம்லெட் என்று எது மாறினாலும் பாவ் மாறாது. பேக்கரிக்காரர் விடியுமுன் ஆறு ஆறாக ஒட்டிய பாவைச் சைக்கிளில் கொண்டுவந்து போடுவார். பேக்கரிகளில் விறகு அடுப்பு எரிவதுதான் பழக்கம். 2025 ஜனவரியில் காற்று மாசு வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்தில் கேஸுக்கோ மின்சாரத்துக்கோ மாற வேண்டும் என்று உத்தரவு போட்டது. காற்றைப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் அடிப்பக்கம் கருகலாக இருக்கிற அந்தப் பாவ் கேஸ் அடுப்பில் வருமா என்று எனக்குச் சந்தேகம்.

சனி, மாட்டுங்கா

கிங்ஸ் சர்க்கிளில் இறங்கியதும் மல்லிகைப்பூ வாசனை. வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய், அப்பளம், தினசரிக் காலண்டர், எல்லாம் கிடைக்கிற இடம். பம்பாய்த் தமிழர்களுக்கு மாட்டுங்கா ஒரு தாலுகா தலைநகர் மாதிரி.

சர்க்கிளைத் திரும்பும்போதே "பாம்... பாம்" என்று ரப்பர் ஹாரன் சத்தம். சைக்கிள் கேரியரில் அலுமினியப் பாத்திரம், ஹேண்டில்பாரில் சட்னித் தூக்கு. தாராவியிலிருந்து வருகிற இட்லிக்காரர்! அங்கே தொண்ணூறடி ரோட்டுப் பக்கத்துச் சந்துகளில் கோழி கூவுமுன் இட்லி வேகும். விடிந்ததும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நகரம் முழுக்கக் கிளம்பும். குஜராத்தி வீட்டுக்காரம்மாவும் இந்த ஹாரன் சத்தத்துக்குத்தான் பாத்திரத்தோடு வாசலுக்கு வருவாள்.

நிறுத்தச் சொன்னேன். இந்தியில்தான் ஆரம்பித்தோம்.

"அண்ணாச்சி, ஊர்ப் பக்கமா நீங்க?" என்றார், என் இந்தியைக் கேட்டவுடன்.

"அம்பாசமுத்திரம். நீங்க?"

"நாங்குநேரிப் பக்கம். அப்பா காலத்துலயே வந்தாச்சு. எனக்கு இங்கதான் பிறப்பு."

"ஊருக்குப் போறதுண்டா?"

"கோயில் கொடைக்குப் போவோம் அண்ணாச்சி. அக்காவுக்கு இன்னும் ரெண்டு வைக்கவா?"

காகிதத் தட்டில் நாலு இட்லி. மேலேயே தேங்காய்ச் சட்னியை ஊற்றிவிடுகிறார். சாம்பார் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில். நம்மூர் இட்லியைவிடக் கொஞ்சம் சிறியது, கொஞ்சம் கெட்டி. சைக்கிளில் குலுங்கி வரவேண்டியது அல்லவா. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் பற்றிக் கேட்டேன். "வீடு தருவோம்னு சொல்லுதாவ. வீடு சரி. பத்தாவது மாடியில விடியக்காலம் மூணு மணிக்கு நான் அடுப்பு பத்தவச்சா பக்கத்து வீட்டுக்காரன் விடுவானா?" என்றார். ஸ்டவ் வைக்க விடாத எங்கள் ரூம் ஓனர் ஞாபகம் வந்தது.

அடுத்து கஃபே மெட்ராஸ். 1940-இல் உடுப்பிக்காரர்கள் தொடங்கியது. வாசலில் பெயர் எழுதிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். சனிக்கிழமையில் அந்த வரிசையைப் பார்த்து மனைவி திரும்பி நடந்தாள். "ரச வடைக்கு இவ்வளவு நேரமா? ஊர்ல போயி நானே போட்டுத் தாரேன்." அந்த ரசத்தின் காரமும் மிளகும் அவளுக்குத் தெரியாது. வாதாடினால் வேலைக்காகாது.

அதனால் ராம நாயக் மெஸ்ஸுக்குக் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டோம். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில், மாடியில். 1942-இலிருந்து நடக்கும் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். மாசத்தில் சம்பளம் வந்த முதல் ஞாயிறு எங்கள் அறை மொத்தமும் இங்கேதான் வரும். வாழையிலையில் அளவில்லாத சாப்பாடு. பரிமாறுகிறவர் வாளியோடு ஓடுவார். "போதும்" என்று கையை விரிக்காவிட்டால் ரசம் மறுபடி விழும். சாம்பாரில் வெல்லம் போட்டிருப்பார்கள். அதற்காக அன்று எத்தனை கேலி செய்திருக்கிறோம்! ஆனாலும் இலையைப் பார்த்தவுடன் எங்களில் ஒருவன், பெயர் வேண்டாம், முதல் தடவை அழுதுவிட்டான். வந்து சேர்ந்து பல மாதமாகப் பாவைத் தவிர வேறெதுவும் பார்க்காதவன். இன்று என் மனைவியும் வெல்லத்தைத்தான் முதலில் கண்டுபிடித்தாள். பிறகு இரண்டாம் தடவை சாம்பார் வாங்கினாள்.

ஞாயிறு

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் சப்பாத்தி ரோலும் பாஸ்தாவும் ஒரு பக்கம் இருந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிர்காவ் சௌபாத்தி. பேல்பூரியைப் பிளாஸ்டிக் தட்டில், பிளாஸ்டிக் கரண்டியோடு தருகிறார்கள். முன்பு பழைய பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, தட்டையான பூரி ஒன்றைச் செருகித் தருவார்கள்; அதுதான் கரண்டி. கடைசியில் கரண்டியையும் தின்றுவிடலாம். ருசி மட்டும் பழசுதான்: பொரி நமுத்துப்போகுமுன் தின்ன வேண்டும், புளிச் சட்னி விரலிடுக்கில் வழிய வேண்டும். நாவல்பழப் பாகு ஊற்றிய காலா கட்டா ஐஸ் கோலா தின்று பிள்ளைகள் எல்லாம் நாக்கை நீட்டி ஊதா நிறம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களும்.

திங்கள், லால்பாக், தாதர்

இன்று தனியாகக் கிளம்பினேன். லால்பாக், பரேல் பகுதிக்கு கிர்ண்காவ் என்று பேர், மில் ஊர். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் முறையாக முடியவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. நான் வந்த சமயத்தில் புகைபோக்கிகள் நின்றன, புகை இல்லை. இன்று ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் பெரிய மால்.

அந்த மில் ஆட்களுக்குச் சோறு போட்டது கானாவல் என்கிற வீட்டு மெஸ்கள். கொங்கணத்திலிருந்தும் சதாராவிலிருந்தும் தனியாளாக வந்தவர்களுக்குப் பெண்கள் தங்கள் ஒற்றை அறையிலேயே சமைத்துப் போட்டார்கள். சம்பளத் தேதிக்குத்தான் பணம். மாசக் கடைசியில் மளிகைக்கு அந்தப் பெண்கள் வட்டிக்கு வாங்கித் திண்டாடுவதைப் பார்த்துத்தான் பிரேமா புராவ் 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கி, அவர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார். இரானி கடை, வடா வண்டி பற்றியெல்லாம் எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களைப் பற்றி ஏனோ எழுதுவதில்லை. அவர்கள் வாசலில் போர்டு கிடையாது, அதனாலாக இருக்கலாம்.

எங்கள் ஸ்டேஷன் வாசலில் வடா வண்டி போட்டிருந்தவர்கூட மூடிய மில்லின் ஆள்தான். "தறியில் நின்ற கால், உட்கார வராது" என்று மராத்தியில் சொல்லிச் சிரிப்பார். அன்று வடா பாவ் ஒன்றரை, இரண்டு ரூபாய். மாசக் கடைசியில் அவரிடம் கடன் உண்டு. பேப்பரில் எழுதுவதில்லை, முகம்தான் கணக்கு.

வடா பாவின் பிறப்புக்கு அசோக் வைத்யா என்பவரைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். 1966-இல் தாதர் ஸ்டேஷன் வாசலில் உருளைக்கிழங்கு வடையைப் பாவுக்குள் வைத்து விற்றாராம். சண்டை வேண்டாம் என்று நானும் நேரே தாதருக்கே போனேன். கீர்த்தி காலேஜ் பக்கத்துக் கடையில் கூட்டம், ஆனால் நகர்கிற கூட்டம். எண்ணெய்ச் சட்டியில் கடலை மாவில் தோய்த்த உருண்டைகள் மிதக்கின்றன. வடையோடு சேர்ந்து உதிர்கிற மாவுத் துணுக்குகளைத் தனியாகப் பொரித்து அரித்து வைக்கிறார்கள். அதற்கு சூரா என்று பேர். பாவை முழுசாக அறுக்காமல் பிளந்து, ஒரு பக்கம் பச்சைச் சட்னி, ஒரு பக்கம் பூண்டும் கொப்பரையும் மிளகாயும் இடித்த சிவப்புப் பொடி. வடையை வைத்து உள்ளங்கையால் ஓர் அமுக்கு. அந்த இடைவெளியில் ஒரு பிடி சூரா. உப்புத் தூவிப் பொரித்த பச்சை மிளகாய் ஒன்று பக்கவாட்டில். இவ்வளவும் நான் சில்லறையை எடுப்பதற்குள் நடந்துவிட்டது.

சூடு தாங்காமல் வாயைத் திறந்து மூடித் தின்றேன். சூரா நொறுங்கி, வடை மசிந்து, கடைசியில் பூண்டு தொண்டையில் ஏறி நிற்கும். இதற்கு மேல் இதில் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் சேர்க்கிறார்கள். நேற்று ஏ.சி. போட்ட ஒரு கடையில் சீஸும் ஷெஸ்வானும் மயோனைஸும் வைத்து, நூறு ரூபாய்க்கு மேல் விலை வைத்து, பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். உட்கார்ந்து, முள்கரண்டியால் குத்திச் சாப்பிட வேண்டுமாம்.

திரும்பும் வழியில் பிரகாஷ் என்கிற கடையில் சாபுதானா வடையும் பீயூஷும். ஜவ்வரிசி வடையின் மேல் மொறுமொறு, உள்ளே இழுவை, நடுநடுவே வேர்க்கடலை. பீயூஷ் என்பது ஸ்ரீகண்ட் என்கிற இனிப்புத் தயிரைக் கரைத்து ஏலக்காய் போட்ட மாதிரி ஒரு பானம். ஒரு டம்ளருக்கு மேல் முடியாது. தாதர் பூ மார்க்கெட் பாலத்தடியில் ஒரு கட்டிங் சாய், அதாவது அரை டம்ளர் டீ, குடித்து அதைச் சமன் செய்தேன்.

செவ்வாய், நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்

திரும்புவது ரயிலில்தான் என்று நான் பிடிவாதமாக டிக்கெட் போட்டதற்குக் காரணம் கர்ஜத். மலை ஏற இன்ஜின் பலம் போதாது என்று அங்கே ரயிலின் பின்னால் தள்ளுவதற்குக் கூடுதல் இன்ஜின்கள் மாட்டுவார்கள். அந்த நேரத்தில்தான் கர்ஜத் வடை விற்பனை. அந்தக் காலத்தில் ஜன்னல் கம்பிக்குள்ளேயே கை நீட்டி வாங்குவோம். இன்றைக்கு ஏ.சி. பெட்டி, ஜன்னல் திறக்காது. வண்டி நின்றதும் நான் எழுந்தேன்.

"ஏங்க, இறங்காதீங்க! வண்டி கிளம்பிடும்."

"பின்னாடி இன்ஜின் மாட்டாம கிளம்பாது."

"அதெல்லாம் உங்க காலத்துல."

நாலு வடா பாவ் வாங்கிக்கொண்டு ஏறிய பிறகும் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. பின்னாலிருந்து இடி மாதிரி ஒரு குலுக்கல் வந்ததும் அவளே பொட்டலத்தைப் பிரித்தாள். வடை சின்னது, ஆனால் இஞ்சி தூக்கல். பாவ் கொஞ்சம் ஆறிப்போயிருந்தது. என் ஓட்டு இன்னும் கீர்த்தி காலேஜுக்குத்தான், சூராவுக்காகவே. அவள் ஓட்டு கர்ஜத்துக்கு. மேல் பெர்த்தில் இருந்த சோலாப்பூர்க்காரர் இரண்டும் கிடையாது, கல்யாண் ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் போடுகிறார் என்று ஆரம்பித்தார். லோனாவாலா வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.